மத்ரியோஷ்கா: ஊர், காலம், தரம் கண்டறியவும் பழுதில்லாமல் வைத்திருக்கவும்

ரஷ்யாவின் பொம்மைக்குள் பொம்மையைக் கையில் எடுத்ததும் எல்லோரும் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது இடுப்பை. மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சேரும் அந்த மூட்டில்தான் மரம் நன்றாகக் காய்ந்ததா, கடைசல்காரரின் கை எப்படிப்பட்டது, பொம்மை இத்தனை காலம் எந்த மாதிரி காற்றில் இருந்தது என்பதெல்லாம் தெரியும். முகத்தையும் பூவையும் வைத்து ஊரைச் சொல்லலாம். அடியில் உள்ள முத்திரையை வைத்துக் காலத்தைச் சொல்லலாம். மரவேலையின் தரத்துக்கு மூட்டைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

திறப்பதும் மூடுவதும்

ஒரு கையால் மேல்பாதியையும் மறு கையால் கீழ்ப்பாதியையும், விரல்கள் மூட்டுக்கு அருகிலேயே இருக்கும்படி பிடிக்கவும். எதிரெதிராக மெல்லத் திருகவும். கிறீச்சென்று சத்தம் வரும். பயப்பட வேண்டாம், இறுக்கமான பொருத்தத்தின் சத்தம்தான் அது. திருகிக்கொண்டே மேலே தூக்கினால் விட்டுவிடும். தலையைப் பிடித்து நேராக இழுத்தால் சட்டென்று கழன்று, உள்ளே இருப்பதெல்லாம் தரையில் உருளும். பெரிய தொகுப்புகளில் கடைசிப் பொம்மை ஒரு சென்டிமீட்டர்கூட இராது. கட்டிலுக்கு அடியில் போனால் பிறகு தேட வேண்டியதுதான்.

திருகும்போது அமுக்கக் கூடாது. சுவரின் கனமே சில மில்லிமீட்டர்தான். மூட்டில் அது மேலும் குறுகி, கீழ்ப்பாதியில் மெல்லிய வாய் விளிம்பாகவும் மேல்பாதியில் அதை ஏற்கும் பள்ளமாகவும் பிரிந்திருக்கிறது. அமுக்கினால் வட்டம் நசுங்கி இன்னும் இறுகும். அதற்கு மேலும் அமுக்கினால் மரத்தின் நார் வாக்கிலேயே மேலிருந்து கீழாக விரிசல் ஓடும்.

மூடும்போது, மேல்பாதியில் உள்ள ஏப்ரன் கோடும் கீழ்ப்பாதியில் உள்ள ஏப்ரன் கோடும் நேருக்கு நேர் வரும்படி முதலிலேயே வைத்து, கடைசிச் சிறு திருகலை மட்டும் செய்யவும். இது அழகுக்காக மட்டும் சொல்வதல்ல. மரம் காயும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்காது. கடைசலில் சரியான வட்டமாக இருந்த வாய், சில மாதங்களில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீள்வட்டமாகிவிடும். இரண்டு பாதியும் ஒரே திசையில் நீண்டிருக்கும்போது சுகமாகப் பொருந்தும். கால் சுற்று தள்ளி வைத்து அழுத்தினால், நீண்ட பக்கம் குறுகிய பக்கத்தில் போய் முட்டும். பல பொம்மைகளின் வாய் உடைவது இப்படித்தான்.

மரமும் கடைசலும்

பெரும்பாலும் லிண்டன் மரம். பிர்ச், ஆல்டர், ஆஸ்பென் மரங்களிலும் செய்வதுண்டு. லிண்டன் மென்மையான, நார் நெருக்கமான, முடிச்சு குறைந்த மரம். கூர்மையான உளிக்கு வெண்ணெய் போல் வழிவிடும். வசந்தத்தின் தொடக்கத்தில் வெட்டி, பட்டையை உரித்து, இரு முனைகளிலும் மட்டும் பட்டை வளையத்தை விட்டுவைப்பார்கள். முனை வேகமாகக் காய்ந்தால் கட்டை பிளந்துவிடும் என்பதால்தான் அந்த வளையம். பிறகு காற்றோட்டமாக அடுக்கி, குறைந்தது இரண்டு ஆண்டுகள் திறந்தவெளியில் காய விடுவார்கள். ஈரம் மிகுந்த மரத்தில் கடைந்தால் பொம்மை பின்னால் கோணும். மிதமிஞ்சிக் காய்ந்ததில் கடைந்தால் விளிம்பு சிதறும்.

கடைசலில் முதலில் பிறப்பது திறக்க முடியாத கடைசிக் குழந்தை. அதை அளவாக வைத்து அதற்கு அடுத்ததன் கீழ்ப்பாதியைக் குடைவார்கள், பிறகு மேல்பாதி. மேல்பாதியைக் கீழ்ப்பாதியின் மேல் செருகி அப்படியே உலர விடுவார்கள். உலர உலர அது சுருங்கி வாயைக் கவ்விக்கொள்ளும். தேர்ந்த கடைசல்காரர்கள் அளவுகோலைத் தொடாமல் கண்ணாலும் விரலாலும் மட்டுமே இதைச் செய்வார்கள்.

வாங்குபவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஒரு மேல்பாதி அதன் சொந்தக் கீழ்ப்பாதிக்கு மட்டுமே உரியது. ஒரே கடை, ஒரே அளவு, ஒரே வண்ணம் என்றாலும் இன்னொரு தொகுப்பின் தலையைக் கொண்டுவந்து பொருத்த முடியாது. பழைய பொருள் விற்கும் இடங்களில் உடைந்ததற்கு மாற்றாகச் சேர்த்துக் கட்டிய தொகுப்புகள் வரும். ஒவ்வொன்றாகத் திறந்து, மூட்டின் உட்புற மர நிறம் இரண்டு பாதியிலும் ஒத்திருக்கிறதா என்று பார்க்கவும். நார்க்கோடுகள் கீழிருந்து மேலே தொடர்வதும் நல்ல அறிகுறி.

எங்கிருந்து வந்தது

இது பழங்கால ரஷ்யக் கிராமப் பொம்மை என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துக்கொள்ளலாம். ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டு வயதுதான். மாஸ்கோவில் அனத்தோலி மாமந்தவ் குடும்பம் நடத்திய ‘குழந்தைக் கல்வி’ என்ற பொம்மைப் பட்டறையில் வசீலி ஸ்வியோஸ்தச்கின் கடைந்து, ஓவியர் செர்கேய் மல்யூதின் வண்ணம் தீட்டினார். 1890 என்று பரவலாகச் சொல்கிறார்கள்; 1890களின் கடைசி ஆண்டுகள் என்பது ஆய்வாளர்கள் சிலரின் முடிவு. முதல் தொகுப்பில் எட்டுப் பொம்மைகள். வெளிப்பொம்மை முக்காடு போட்டு, கையில் கறுப்புச் சேவல் பிடித்த பெண். கடைசியில் துணியில் சுற்றிய கைக்குழந்தை. அந்தத் தொகுப்பு செர்கியெவ் பசாத் பொம்மை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

அதே அருங்காட்சியகத்தில் ஜப்பானின் ஹோன்ஷு தீவிலிருந்து வந்த இன்னொரு பொம்மையும் உண்டு: நீண்ட வழுக்கைத் தலையோடு ஃபுகுரோகுஜு என்ற கிழவர். ஜப்பானியர் வணங்கும் ஏழு அதிர்ஷ்ட தெய்வங்களில் ஒருவர். அவருக்குள்ளும் பொம்மைகள். மாமந்தவ் வீட்டுக்கு வந்த இவரைப் பார்த்துத்தான் மத்ரியோஷ்கா பிறந்தது என்பது பிரபலமான கதை. அதை உறுதிப்படுத்தும் ஆவணம் இல்லை. ஒன்றுக்குள் ஒன்றாகப் பெட்டி செய்வது சீனத்தில் மிகப் பழைய வழக்கம். ஒன்றுக்குள் ஒன்றாக ஈஸ்டர் முட்டை கடைவதை ரஷ்யக் கடைசல்காரர்களும் அறிந்திருந்தார்கள். உத்தி பலரிடம் இருந்தது. சரஃபான் என்ற கையில்லாத நீள அங்கி உடுத்திய விவசாயப் பெண்ணை அதில் ஏற்றியதுதான் மாஸ்கோவில் நடந்த புதுமை. நாட்டுப்புறக் கலையை மீட்டு நகரத்துக்குக் கொண்டுவரும் ஆர்வம் அப்போது ஓவியர்களிடையே ஓங்கியிருந்தது. அனத்தோலியின் சகோதரர் சாவ்வா மாமந்தவின் அப்ராம்த்ஸெவோ பண்ணை அதற்கு ஒரு மையம். ஆக, கிராமம் செய்து நகரத்துக்கு அனுப்பிய பொம்மையல்ல; நகரத்து ஓவியர்கள் கற்பனை செய்த கிராமம் இது.

1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் வெண்கலப் பதக்கம் கிடைத்ததும் வெளிநாட்டுக் கேட்பு பெருகியது. மாஸ்கோப் பட்டறை மூடியபின் வேலை செர்கியெவ் பசாதுக்கு நகர்ந்தது. மாஸ்கோவுக்கு வடகிழக்கே சுமார் 70 கிலோமீட்டரில் உள்ள மடாலய நகரம். மரப்பொம்மைக்கு அதற்கு முன்பே பேர் போன ஊர். ‘தாய்மையின் சின்னம்’ என்ற ஒற்றை வாசகத்தில் அடங்காத பல வகைகள் அங்கே அப்போதே வந்துவிட்டன. 1909இல் எழுத்தாளர் கோகலின் பிறந்த நூற்றாண்டையொட்டி அவருடைய கதைமாந்தர்கள் பொம்மையானார்கள். 1912இல், நெப்போலியன் போரின் நூற்றாண்டுக்கு, ரஷ்யத் தளபதி குதுஸவ் ஒரு தொகுப்பும் நெப்போலியன் ஒரு தொகுப்புமாக, இருவருக்குள்ளும் அவரவர் தளபதிகள். தலைவர்களை ஒருவருக்குள் ஒருவராக அடுக்கும் கேலி 1990களில் பிறந்தது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

எண்ணிக்கைப் போட்டியும் சீக்கிரமே தொடங்கியது. 1913இல் நிகீதா புலிச்செவ் 48 பொம்மைத் தொகுப்பைக் கடைந்தார். 1970இல் செம்யோனவில் 72 பொம்மைகள் கொண்ட ஒன்றைச் செய்தார்கள். வெளிப்பொம்மையின் உயரம் ஒரு மீட்டர். கின்னஸ் பதிவில் இருப்பது 2003இல் முடிந்த 51 பொம்மைத் தொகுப்பு; அதில் பெரியது 53.97 செ.மீ., சிறியது 0.31 செ.மீ.

எந்த ஊர்ப் பொம்மை என்று கண்டுபிடிக்க

நான்கு பாணிகளைத் தெரிந்துகொண்டால் சந்தையில் வரும் மரபுப் பொம்மைகளில் பெரும்பாலானவற்றை இனம் காணலாம்.

செர்கியெவ் பசாத்: தலையிலிருந்து உடலுக்கு வளைவு சீராக இறங்கும், உட்கார்ந்தாற்போல் அழுத்தமான உருவம். உயரம் அகலத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. வண்ணம் மரத்தை முழுக்க மறைக்கும் குவாஷ் என்ற கெட்டியான நீர்வண்ணம். முகம் கவனமாக வரைந்திருக்கும். சரஃபான், சட்டை, ஏப்ரன், முக்காடு எல்லாம் தனித்தனியாகத் தெரியும். கையில் கூடையோ அரிவாளோ சேவலோ இருக்கும். மிகப் பழையவற்றில் உருவக்கோடுகளைச் சூடான ஊசியால் மரத்தில் சுட்டிருப்பார்கள்.

செம்யோனவ்: நீஸ்னி நோவ்கரத் பகுதி. 1920களில் மெரினோவோ கிராமத்துக் கடைசல் குடும்பங்களிடம் தொடங்கியது. மேலே மெலிந்து, தோளுக்குக் கீழே சட்டென்று பருக்கும் உருவம். ஏப்ரன் முழுவதையும் நிறைக்கும் பெரிய ரோஜாக் கொத்து. மஞ்சள் அல்லது சிவப்பு முக்காட்டின் ஓரத்தில் சிறு பூக்கள். அனிலைன் சாயம் என்பதால் வண்ணத்துக்குள்ளே மரத்தின் நார் தெரியும். சில இடங்களில் மரத்தை அப்படியே விட்டிருப்பார்கள். மெல்லிய சுவர் கடைவதில் இவர்கள் கெட்டிக்காரர்கள்; அதனால் 15, 18 என்று எண்ணிக்கை கூடிய தொகுப்புகள் இங்கிருந்தே அதிகம் வந்தன.

போல்ஹவ்ஸ்கி மைதான்: இதுவும் நீஸ்னி நோவ்கரத் பகுதிதான், ஆனால் தெற்கே. உருவம் நீண்டு, தலை சிறுத்திருக்கும். கையும் உடையும் வரைவதில்லை. அந்த இடத்தில் பல இதழ் கொண்ட காட்டு ரோஜா. மாவுக் கஞ்சி பூசிய மரத்தில் முதலில் கறுப்பு மையால் கோடு, பிறகு சாயம். முதலில் மஞ்சளைப் பூசி, அதன்மேல் ஊதாச் சிவப்பை இட்டால் தீச்சிவப்பு வரும். நீலத்தை இட்டால் பச்சை வரும். பூவிதழின் ஓரத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் அடியிலுள்ள மஞ்சள் மெல்லிய கீற்றாகப் பிதுங்கி நிற்பது தெரியும். கைவேலைக்கு அதைவிட நல்ல அத்தாட்சி வேண்டாம். கண்ணைப் பறிக்கும் வண்ணச் சேர்க்கை சிலருக்குப் பிடிக்காது. நான்கு பாணிகளில் துணிச்சலானது இதுதான்.

வியாத்கா: இன்றைய கீரவ் நகரப் பகுதி. சாய வண்ணத்தோடு வைக்கோல் பதிக்கும் வேலை, 1960களிலிருந்து. ரை என்ற தானியத்தின் வைக்கோலைச் சோடாக் கரைசலில் வேகவைத்துப் பொன்னிறமாக்கி, பிளந்து, தேய்த்துத் தட்டையாக்கி, சிறு வடிவங்களாக வெட்டி ஒட்டி, மேலே வார்னிஷ் பூசுவார்கள். பொம்மையை விளக்குக்கு எதிரே சாய்த்தால் வைக்கோல் துண்டுகள் ஒவ்வொன்றும் வேறு வேறு கோணத்தில் மினுங்கும். பொன் வண்ணப் பெயின்ட் அப்படி மினுங்காது.

இந்தியாவில் கடைத்தெருவில் கிடைப்பவை எல்லாம் ரஷ்யாவிலிருந்து வந்தவையல்ல. கர்நாடகத்தின் சென்னபட்டணத்திலும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பொம்மை கடைகிறார்கள். அது வெப்பாலை மரம். தூரிகைக்குப் பதிலாக, சுழலும் பொம்மையில் அரக்குக் குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகிப் படியும். தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுவார்கள். நிறம் வளையம் வளையமாக, ஓரம் கூர்மையாக இருந்தால் அந்த வேலை. அதை ரஷ்யப் பொம்மை என்று சொல்லி விற்பதும் வாங்குவதும் இரண்டு ஊருக்கும் அவமரியாதை.

எந்தக் காலம்

வெளிப்பொம்மையின் அடியைப் பார்க்கவும். சோவியத் ஒன்றியத்தில் செய்தது என்ற முத்திரை இருந்தால் 1991க்குப் பிந்தியதல்ல. ஊர்ப்பெயர் ஸகோர்ஸ்க் என்றிருந்தால் 1930–1991; செர்கியெவ் பசாதுக்கு அந்த ஆண்டுகளில் அதுதான் பெயர். செம்யோனவ் பொம்மையின் சீட்டில் கோர்க்கி மாகாணம் என்றிருந்தால் 1932–1990; நீஸ்னி நோவ்கரத் அப்போது கோர்க்கி. ரூபிள், கோபெக் என்று அரசு விலை அச்சிட்டிருப்பதும் சோவியத் அடையாளம். முத்திரைக்குப் பதிலாகக் கலைஞரின் கையெழுத்தும் ஆண்டும் இருந்தால் பெரும்பாலும் 1980களின் இறுதிக்குப் பிந்தியது. தனியார் கைத்தொழிலுக்கும் கூட்டுறவுகளுக்கும் 1986–88இல் சட்டம் வழிவிட்ட பிறகுதான் ஓவியர்கள் தங்கள் பெயரில் செய்து, மாஸ்கோவின் அர்பாத் தெருவில் கடை பரப்பினார்கள்.

அரசியல் தலைவர் தொகுப்பென்றால் வேலை இன்னும் சுலபம். வெளியே இருப்பவர் அப்போது பதவியில் இருந்தவர். உள்ளே போகப் போக முந்தியவர்கள். கர்பச்சோவ் வெளியே என்றால் 1985–91, எல்த்சின் என்றால் 1990கள், மெத்வெதெவ் என்றால் 2008–12. புதின் வெளியே இருந்து, அவருக்குள் மெத்வெதெவ் இருந்தால் 2012க்குப் பிந்தியது. இல்லாவிட்டால் அதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு. கர்பச்சோவ் தொகுப்புகள் அரிதென்று விலை ஏற்றுவார்கள். சுற்றுலாப் பயணிகளுக்காக மலைமலையாகச் செய்தவை அவை.

பொம்மையின் பெயர் பொம்மைக்கு வெளியேயும் போயிருக்கிறது. 2004இல் சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் பொருத்திய, மனித உடல் எந்த ஆழத்தில் எவ்வளவு கதிர்வீச்சை வாங்குகிறது என்று அளக்கும் அடுக்கு உருவத்துக்கு மத்ரோஷ்கா என்றே பெயர். 2020இல் செல்பேசி எமோஜிகளின் வரிசையிலும் இந்தப் பொம்மை இடம்பிடித்தது.

விலைக்குத் தகுந்த சரக்கா

எண்ணும்போது திறக்காத கடைசியையும் சேர்த்து எண்ண வேண்டும். ‘ஐந்து’ என்றால் நான்கு திறக்கும், ஒன்று திறக்காது. உயரத்தை வைத்து விலை பேசாதீர்கள். 20 செ.மீ. உயரத்தில் ஐந்து கடைவது சுலபம்; அதே உயரத்தில் பதினைந்து கடைவதற்குத்தான் கை வேண்டும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை: எல்லாவற்றையும் திறந்து வரிசையாக வையுங்கள். உயரம் படிப்படியாக ஒரே சாய்வில் இறங்க வேண்டும்; நடுவில் ஒரு படி விட்டுப்போயிருந்தால் ஒன்று தொலைந்திருக்கிறது. பிறகு ஒவ்வொன்றையும் மூடி, தலையைப் பிடித்துத் தூக்குங்கள். கீழ்ப்பாதி கழன்று விழாமல் கூடவே வர வேண்டும். மூட்டைச் சுற்றி நகத்தை ஓட்டினால் தடுக்கக் கூடாது. கடைசியாக, சிறிய இரண்டு பொம்மைகளின் முகத்தைப் பாருங்கள். அவசர வேலையில் முதலில் கைவிடப்படுவது அவைதான்: வெளிப்பொம்மைக்கு இமை மயிர் வரை இருக்கும், நான்காவதற்குக் கண் ஒரு பக்கம் சரிந்திருக்கும்.

அச்சிட்டு ஒட்டியதை உருப்பெருக்கிக் கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடும். நிறம் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரிந்தால் அச்சு. தூரிகைக் கோடென்றால் தொடக்கத்தில் தடித்து முடிவில் மெலியும். ஐந்து பொம்மைக்கும் பூ அச்சு அசலாக ஒன்றாக இருந்தாலும் சந்தேகப்படலாம்.

வெற்று மரப்பொம்மைக்கு நீங்களே வண்ணம் தீட்ட

வண்ணம் பூசாத ஐந்து பொம்மைத் தொகுப்புகள் கைவினைக் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கின்றன. தேவை: 220, 320 எண் உப்புத்தாள், உருளைக்கிழங்கு மாவு அல்லது அக்ரிலிக் பிரைமர், அக்ரிலிக் அல்லது குவாஷ் வண்ணம், 0, 2, 6 எண் தூரிகைகள், நிறமற்ற வார்னிஷ்.

1. உப்புத்தாளால் வெளிப்புறத்தை மட்டும் தேய்க்கவும். வாய் விளிம்பைத் தொடவே கூடாது. அங்கே ஒரு முடியளவு குறைந்தாலும் பொம்மை தொளதொளக்கும். தூசியை உலர்ந்த துணியால் துடைக்கவும்.

2. மேல்பாதியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, எந்தக் கோணத்தில் மிகச் சுகமாக உட்காருகிறதோ அந்த இடத்தில் இரண்டு பாதியின் உட்புறத்திலும் பென்சிலால் ஒரு குறி வைக்கவும். முகம் அந்தக் குறிக்கு நேரே வர வேண்டும். இந்தப் படியைத் தவறவிட்டால், பொம்மை இறுகும் கோணம் ஒன்று, முகம் நேராகும் கோணம் வேறு என்றாகிவிடும். எவ்வளவு நன்றாக வரைந்தாலும் அதைச் சரிசெய்ய வழியில்லை.

3. அடிப்பூச்சு: ஒரு மேசைக்கரண்டி மாவைக் கொஞ்சம் குளிர்ந்த நீரில் கரைத்து, கொதிக்கும் ஒரு கப் நீரில் ஊற்றிக் கண்ணாடி போலாகும் வரை கிளறவும். ஆறியதும் விரலால் மெல்லத் தடவவும். காய்ந்ததும் 320 தாளால் ஒரு தடவு, மறுபடி ஒரு பூச்சு. இது இல்லாமல் மை, சாயம், நீர்வண்ணம் எதைத் தொட்டாலும் நார் வழியே ஓடிப் பரவும். அக்ரிலிக் மட்டும் என்றால் பிரைமர் ஒரு பூச்சு போதும்.

4. வடிவத்தைச் சிறிய பொம்மையில் முடிவு செய்யவும். பெரும்பாலானோர் பெரியதில் அலங்காரமாகத் தொடங்கி, மூன்றாவதிலேயே திணறுவார்கள். கடைசிப் பொம்மையில் எது மிஞ்சும்? இரண்டு கண் புள்ளி, ஒரு முக்காட்டு நிறம், ஒரு பூப்பொட்டு. அதிலிருந்து மேலே போகப் போகச் சேர்த்துக்கொண்டே போங்கள்: நான்காவதில் வாய், மூன்றாவதில் இலை, இரண்டாவதில் முக்காட்டுக் கரை, முதலாவதில் இமையும் கன்னச் சிவப்பும்.

5. பொம்மையை மூடி வைத்து, எச்.பி. பென்சிலால் லேசாக வரையவும். முக வட்டத்தின் அகலம் தலையின் அகலத்தில் பாதிக்குச் சற்று மேல். கண்கள் அந்த வட்டத்தின் நடுக்கோட்டில். அதற்கு மேலே ஏற்றினால் வயதான முகம் வரும். முதலில் பெரிய பரப்புகளின் நிறம், பிறகு முகம், பிறகு பூ, கடைசியில் வெள்ளைப் புள்ளிகளும் கோடுகளும். மூட்டைத் தாண்டும் நிறத்தைப் பூசியவுடன், ஈரம் இருக்கும்போதே இரண்டு பாதியையும் பிரித்து வைக்கவும். மூடியபடி காய விட்டால் வண்ணமே பசையாகிவிடும். திறக்கும்போது ஓரம் பிய்ந்து வரும்.

6. வார்னிஷ் மெல்லிய மூன்று பூச்சு. எண்ணெய் வார்னிஷ் என்றால் பூச்சுக்கு ஒரு நாள் இடைவெளி. பலகையில் ஆணி அடித்து, ஒவ்வொரு பாதியையும் அதன்மேல் கவிழ்த்துக் காய விடலாம். வாய் விளிம்பிலும் பள்ளத்திலும் ஒரு சொட்டும் படக் கூடாது. மழை நாளில் நைட்ரோ வார்னிஷ் அடித்தால் பால் போல் வெளுத்துவிடும். வெயில் தெளியும் வரை காத்திருங்கள். மார்க்கர் பேனாவால் கோடு போட்டிருந்தால் முதலில் அடியில் ஒரு கோடு போட்டு வார்னிஷ் தடவிப் பார்க்கவும். பல மார்க்கர்கள் கரைந்து வழியும். கடைசிப் பூச்சுக்குப் பின் மூன்று நாளாவது திறந்தே கிடக்கட்டும்.

நம் ஊர்க் காற்றில் வைத்திருக்க

ரஷ்யாவின் குளிர்கால வீடு, சூடேற்றிய வறண்ட காற்று. சென்னையும் யாழ்ப்பாணமும் அதற்கு நேரெதிர். வெளிப்புறத்தை வார்னிஷ் காக்கிறது. வாய் விளிம்பு வெறும் மரம். மழைக்காலத்தில் முதலில் ஈரம் குடித்து உப்புவது அதுதான். பொம்மை ஐப்பசி, கார்த்திகையில் திறக்க மறுத்தால் பழுதென்று நினைக்க வேண்டாம். ஒரு ஜிப் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூன்று நாள் வைத்துவிட்டு, மூட்டைச் சுற்றி மரக்கரண்டியால் லேசாகத் தட்டிப் பிறகு திருகவும். தேங்காய் எண்ணெய் விடுவது பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. விடாதீர்கள்: மரத்தில் ஊறிக் கறை நிற்கும். தலைமுடி உலர்த்தியின் சூட்டில் வார்னிஷ் வெடிக்கும். திறந்த பின் வெள்ளை மெழுகுவர்த்தியை விளிம்பில் ஒரு சுற்று தேய்த்துவிட்டால் அடுத்த மழைக்குத் தாங்கும்.

ஏ.சி. அறையில் நேர்மாறான தொல்லை: விளிம்பு சுருங்கி, தலை ஆடும். ஃபெவிகாலைச் சம அளவு நீரில் கரைத்து விளிம்பில் தூரிகையால் ஒரு மெல்லிய பூச்சு. ஒரு நாள் முழுதும் காய்ந்தபின் பொருத்திப் பார்த்து, போதாவிட்டால் இன்னொன்று. ஈரம் காயும் முன் மூடினால் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். செலோ டேப் சுற்றுவது வேண்டாம். கோடையில் அதன் பசை இளகி மரத்தில் ஊறும்.

துடைக்க உலர்ந்த மென்துணி மட்டும். செம்யோனவ், மைதான் பொம்மைகளில் வார்னிஷ் எங்காவது விட்டிருந்தால் ஈரத்துணி பட்டதும் சாயம் கரையும். அனிலைன் வெயிலிலும் வெளுக்கும். ஊதாச் சிவப்பு முதலில் போகும். கொலுப்படியில் வைப்பதானால் விளக்குக்கு மேல்படி கூடாது, கரி படியும். திறந்து வரிசையாக வைக்கும்போது மேல்பாதிகளை மூடியே வைக்கவும். திறந்த வாயை எறும்பும் தூசியும் விடாது.

நெடுவாக்கில் முடியளவு விரிசல் கண்டால், விரிசலில் பசையைத் தேய்த்து, ரப்பர் வளையம் போட்டு ஒரு நாள் விடவும். மக்கு வைத்து அடைக்க வேண்டாம். மழையில் மரம் விரியும்போது மக்கு ஆப்பாகி விரிசலை நீட்டும்.

அடியில் குண்டூசித் தலையளவு துளையும் அருகில் மாவு போன்ற தூளும் கண்டால் துளைப்பூச்சி. அந்தத் தொகுப்பை உடனே மற்ற மரச்சாமான்களிடமிருந்து பிரிக்கவும். பொம்மைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, தாளில் சுற்றி, காற்றை நீக்கி ஜிப் பையில் அடைத்து, மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் காட்டும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்கவும். வைக்கோல் பதித்த வியாத்கா பொம்மைக்கும் வார்னிஷ் ஏற்கெனவே வெடித்திருக்கும் பழைய பொம்மைக்கும் இதைச் செய்ய வேண்டாம். குளிரில் பூச்சு உதிரும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் முழுதும் அறையில் விட்டுவைக்க வேண்டும். உடனே திறந்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த மரத்தில் துளித்துளியாகப் படிந்து, பூச்சியிடம் தப்பிய வண்ணம் தண்ணீரில் போகும்.